வயரிங் வேலைக்கு ரேட் போடுவது எப்படி? தனியாகத் தொழில் தொடங்கும் எலக்ட்ரீசியனுக்கு ஒரு வழிகாட்டி

கான்ட்ராக்டரிடம் நாள் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர் தனியாக வேலை எடுக்கத் தொடங்கும்போது கையில் தொழில் இருக்கும். ரேட் போடும் பழக்கம் இருக்காது. "தம்பி, சதுர அடிக்கு என்ன வாங்குறீங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டதும், அந்த ஊரில் மற்றவர்கள் வாங்குகிற தொகையைச் சொல்லிவிடுவோம். அந்தத் தொகை எதை வைத்து வந்தது, அதில் என்னென்ன அடக்கம் என்பது சொன்னவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. வேலை முடிந்து ஹெல்பர் கூலியும் பெட்ரோலும் போக மிஞ்சியதைப் பார்த்தால், பேசாமல் கூலிக்கே போயிருக்கலாம் என்று தோன்றும்.

இந்தக் கஷ்டத்துக்கு நடுவில்தான் நான் கணக்குப் போடக் கற்றேன். புதிதாக வருகிறவர்கள் முதல் வேலையிலேயே சரியான தொகை சொல்ல வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் வீடு, சின்னக் கடை அளவிலான வேலைகளை மனதில் வைத்தே சொல்கிறேன். கூலித் தொகைகள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். ஊருக்கு ஊர் அது மாறும். உங்கள் ஊர்க் கூலியைப் போட்டு அதே கணக்கைச் செய்யுங்கள்.

1. முதலில் உங்கள் ஒரு நாளின் விலை

யாரிடமும் தொகை சொல்வதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு இது. ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

நாள் கூலிக்குப் போனால் உங்களுக்கு 1,200 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள் என்றால் 31,200. தனியாகத் தொழில் செய்தால் குறைந்தது இவ்வளவாவது வீட்டுக்கு வர வேண்டும். ஆனால் 26 நாளும் காசு வருகிற வேலை இருக்காது. இடம் பார்க்கப் போகிற நேரம், கடைக்கு அலைகிற நேரம், பில் எழுதுகிற நேரம், பாக்கி கேட்டுப் போகிற நேரம், மழைக்கு நின்றுபோகிற நாள் எல்லாம் இருக்கின்றன. மாதத்தில் 20 நாள்தான் வேலைக்குக் கணக்கு வரும் என்று எடுத்துக்கொண்டால், 31,200-ஐ 20-ஆல் வகுக்க வேண்டும். நாளுக்கு 1,560.

அடுத்தது தொழில் செலவு. பெட்ரோல் 4,000, வண்டி சர்வீஸ் 1,000, போன் 500, கருவிகள் தேய்மானம் 2,500, இன்சூரன்ஸ், பில் புத்தகம் போன்றவற்றுக்கு 1,000 என்று வைத்தால் மாதம் 9,000. இதையும் 20-ஆல் வகுத்தால் நாளுக்கு 450.

கருவித் தேய்மானத்தைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஹேமர் டிரில், வால் கட்டர், கிரிம்பிங் டூல், மல்டிமீட்டர், மெகர் (வயரின் இன்சுலேஷனைப் பார்க்கும் மீட்டர்), ஏணி, வயர் இழுக்கும் ஸ்பிரிங் எல்லாம் ஒருநாள் போய்விடும். கட்டர் பிளேடும் டிரில் பிட்டும் மாதாமாதம் போகும். அன்றைக்குக் கைக்காசைப் போட்டு வாங்கினால் அது உங்கள் சாப்பாட்டுக் காசு.

ஆக, உங்களுக்கு மட்டும் நாளுக்கு 1,560 + 450 = 2,010. ஹெல்பருக்குக் கூலி 800, டீ சாப்பாடு 100 என்றால் 900. இரண்டு பேர் சேர்ந்த ஒரு நாளின் அடக்கவிலை 2,910. இதற்கு மேல் லாபமும் எதிர்பாராத செலவும் சேர்த்து 15 சதவீதம் வைத்தால் 3,346; சுலபமாக 3,350 என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு எண்களையும், அதாவது அடக்கவிலை 2,910, வேலைக்குப் போகும் விலை 3,350, போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இனி போடுகிற எல்லா எஸ்டிமேட்டும் இதிலிருந்துதான் வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். ஹெல்பர் கூலி ஏறினால் அன்றைக்கே திருத்துங்கள்.

2. இடத்தைப் பார்க்காமல் தொகை சொல்லாதீர்கள்

போனில் கேட்பார்கள். "சும்மா தோராயமா சொல்லுங்க" என்பார்கள். தோராயமாகச் சொன்ன தொகைதான் அவர்கள் மனதில் நிற்கும்; பிறகு நீங்கள் தாளில் கொடுக்கும் தொகையை அதோடுதான் ஒப்பிடுவார்கள். "சார், பிளானை வாட்ஸாப்பில் அனுப்புங்க, இடத்தை ஒரு தடவை பார்த்துட்டு ரெண்டு நாள்ல எழுதித் தர்றேன்" என்று சொல்லிவிடுங்கள்.

போனால் இவற்றைப் பாருங்கள்.

சுவர் எது? செங்கல்லா, ஹாலோ பிளாக்கா, ஏஏசி (லேசான காற்றறைக் காங்கிரீட்) பிளாக்கா, சாலிட் பிளாக்கா? ஏஏசி சுவரில் காடி (பைப் வைக்கச் சுவரில் வெட்டும் பள்ளம்) எடுப்பது சுலபம். சாலிட் காங்கிரீட் பிளாக்கில் அதே தூரத்துக்கு ரெட்டிப்பு நேரம் பிடிக்கும், பிளேடும் சீக்கிரம் தேயும். தூணிலும் பீமிலும் காடி வெட்டக் கூடாது; அப்படிச் சுற்றிப் போக வேண்டிய பைப்பின் நீளம் கணக்கில் ஏறும்.

மேல்தளம் போட்டாகிவிட்டதா? இன்னும் போடவில்லை என்றால் சென்ட்ரிங்கில் பைப் போடும் வேலையும் உங்களுடையது. போட்டாகிவிட்டது என்றால் யார் பைப் போட்டது, ஃபேன் பாக்ஸும் டீப் பாக்ஸும் சரியான இடத்தில் இருக்கின்றனவா, பைப்புக்குள் ஸ்பிரிங் போகிறதா என்று விட்டுப் பாருங்கள். அடுத்தவர் போட்ட பைப்பில் அடைப்பு இருந்தால் அந்த நஷ்டம் உங்கள் தலையில் விழும். பார்க்க வழியில்லை என்றால், "ஏற்கெனவே போட்ட பைப்பில் அடைப்பு இருந்தால் மாற்று வழிக்குத் தனிக் கூலி" என்று எஸ்டிமேட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

எத்தனையாவது மாடி, சாமான் ஏற்றுவது எப்படி, பொருளைப் பூட்டி வைக்க அறை இருக்கிறதா, வேலைக்கு கரன்ட் எங்கிருந்து எடுப்பது? தற்காலிக இணைப்பு இல்லாத இடத்தில் கட்டர் ஓடாது. இதையெல்லாம் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும்.

எர்த் குழி எங்கே? மண் எப்படி? கரிசல் மண்ணில் குழி தோண்டுவதும் பாறையில் துளை போடுவதும் ஒரே செலவு இல்லை. எர்த்திங்கை எப்போதும் தனி வரியாகவே போடுங்கள்.

கடைசியாக, வீட்டுக்காரரும் அவர் வீட்டம்மாவும் சேர்ந்து இருக்கும்போது அறை அறையாக நடந்து பாயிண்ட்டை, அதாவது லைட், ஃபேன், பிளக் வரும் ஒவ்வொரு இடத்தையும், குறியுங்கள். சமையலறையில் மிக்ஸி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ், ஓவன், ஆர்.ஓ., சிம்னி எங்கே வரும் என்பது அந்த அம்மாவுக்குத்தான் தெரியும். அவரைக் கேட்காமல் எழுதிய லிஸ்ட் காடி எடுத்த பிறகு நிச்சயம் மாறும். பூஜை அறை விளக்கு, மாடிப்படி டூ-வே (ஒரே லைட்டை இரண்டு இடத்திலிருந்து போடும் சுவிட்ச்), வாசல் பெல், சிசிடிவி, நெட் பாயிண்ட், இன்வெர்ட்டர், மோட்டார் ஆகியவை மறந்துபோகிற பாயிண்ட்டுகள். இவற்றை நீங்களே கேளுங்கள்.

3. பாயிண்ட்டை எண்ணி நாளாக மாற்றுங்கள்

இதுதான் மொத்தத்திலும் முக்கியமான படி.

1,000 சதுர அடியில் இரண்டு படுக்கையறை வீடு. லைட் 22, ஃபேன் 6, போர்டிலேயே வரும் 6 ஆம்ப் பிளக் 14, 16 ஆம்ப் பவர் பிளக் 7, ஏசி 2, பெல் 1, டிவி மற்றும் நெட் 2. மொத்தம் 54 பாயிண்ட். இரண்டு பேருக்கு எத்தனை நாள் ஆகும் என்று கட்டம் கட்டமாக எழுதுகிறோம்:

சென்ட்ரிங்கில் பைப் போட 2 நாள்
காங்கிரீட் போடும் அன்று நிற்க 1 நாள்
சுவரில் காடி எடுத்து பைப்பும் பாக்ஸும் வைக்க 4 நாள்
வயர் இழுக்க 2 நாள்
சுவிட்ச் போர்டும் டிபியும் (வீட்டு லைன்கள் பிரியும் மெயின் பெட்டி) கட்ட 3 நாள்
லைட், ஃபேன் மாட்ட ஒன்றரை நாள்
டெஸ்ட் பண்ண, ஈபி பேப்பர் வேலைக்கு அரை நாள்
குடிவந்த பிறகு கூப்பிட்டால் போய்வர 1 நாள்

மொத்தம் 15 நாள். 15 × 3,350 = 50,250 ரூபாய். இது கூலிக்கு மட்டும். எர்த்திங் தனி.

காங்கிரீட் அன்று எதற்கு நிற்க வேண்டும் என்று கேட்பார்கள். வைப்ரேட்டர் போடும்போதும் ஆட்கள் மேலே நடக்கும்போதும் பைப் நசுங்கும், பைப்பை இணைக்கும் காலர் கழன்று உள்ளே சிமென்ட் பால் இறங்கும். அன்றைக்கு ஒருவர் நின்று பார்த்தால் பிறகு தளத்தைக் குடைய வேண்டியிருக்காது. அந்த நாளுக்குக் கூலி கேட்க வெட்கப்பட வேண்டாம்.

இப்போது சதுர அடிக் கணக்குக்கு வருவோம். அதே வீட்டுக்கு "சதுர அடிக்கு 35-ன்னு ஒருத்தர் சொல்றார்" என்கிறார் வீட்டுக்காரர். 35,000. ஹெல்பருக்கு 15 நாளுக்கு 13,500 போனால் மிச்சம் 21,500. தொழில் செலவு 15 × 450 = 6,750 போனால் மிச்சம் 14,750. 15-ஆல் வகுத்தால் உங்களுக்கு நாளுக்கு 983 ரூபாய். கூலிக்குப் போனால் 1,200. சொந்தக் கருவி, சொந்தப் பொறுப்பு, பிறகு வரும் புகாருக்குப் பதில் சொல்ல வேண்டியதும் நீங்களே. இவ்வளவும் சுமந்து கூலியைவிடக் குறைவாக வாங்குவதற்குத் தனியாகத் தொழில் எதற்கு?

சதுர அடி ரேட்டில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அதே 1,000 சதுர அடியில் ஃபால்ஸ் சீலிங், ஸ்பாட் லைட், அறைக்கு அறை ஏசி, ஒவ்வொரு கட்டிலுக்கும் இரண்டு பக்கம் பிளக் என்று கேட்டால் 54 பாயிண்ட் 90 ஆகிவிடும். பரப்பு மாறவில்லை, ஆகவே உங்கள் தொகையும் மாறாது. அதனால் பேசுவது சதுர அடியில் இருந்தாலும் எழுதுவது பாயிண்ட்டில் இருக்கட்டும். "இந்தத் தொகை 54 பாயிண்ட்டுக்கு" என்று எழுதிவிட்டால் சண்டைக்கு இடமில்லை.

பாயிண்ட் ரேட் கேட்பவருக்கு எல்லா பாயிண்ட்டுக்கும் ஒரே விலை சொல்லாதீர்கள். போர்டிலேயே இருக்கும் பிளக்குக்குத் தனி பைப் இல்லை. ஏசி பாயிண்ட்டுக்கு டிபியிலிருந்து தனி லைன் வர வேண்டும். டூ-வேக்கு இரண்டு போர்டுக்கு நடுவில் வயர் ஓட வேண்டும். லைட் பாயிண்ட்டை ஒன்று என்று வைத்து, போர்டு பிளக்கை அரை, பவர் பிளக்கை ஒன்றரை, ஏசியையும் டூ-வேயையும் இரண்டு என்று பிரித்துக்கொண்டு, கடைசியில் கூட்டினால் உங்கள் 50,250 வருகிறதா என்று சரிபாருங்கள். நாள் கணக்குதான் அடிப்படை. பாயிண்ட் ரேட் அதைச் சொல்லும் விதம் மட்டுமே.

4. பொருள் கணக்கு

கூலி மட்டும் பேசினாலும் பொருள் லிஸ்ட் நீங்கள்தான் எழுதித் தர வேண்டியிருக்கும். குறைத்து எழுதினால் பாதியில் வேலை நிற்கும், கூட்டி எழுதினால் மிஞ்சிய வயர்க் காயிலைக் காட்டி வீட்டுக்காரர் வருத்தப்படுவார்.

வயரைக் கண்ணளவில் போடாமல் ஒரு பாயிண்ட்டை அளந்து பாருங்கள். போர்டு தரையிலிருந்து நாலரை அடி, தளம் 10 அடி என்றால் மேலே ஏற ஐந்தரை அடி. அங்கிருந்து லைட்டுக்கு 8 அடி. போர்டிலும் லைட்டிலும் ஒவ்வொரு அடி விட வேண்டும். மொத்தம் பதினைந்தரை அடி. ஃபேஸ், நியூட்ரல் இரண்டுக்கும் 31 அடி. ஒரு காயில் 90 மீட்டர், அதாவது ஏறத்தாழ 295 அடி. ஆக ஒரு காயிலில் இப்படி ஒன்பது பாயிண்ட் வரும். பச்சை எர்த் வயரைத் தனியாகக் கணக்கில் போடுங்கள். டிபியிலிருந்து ஒவ்வொரு போர்டுக்கும் வரும் லைனையும் இதே மாதிரி அளந்து, மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம் வீணாவதற்கு விடுங்கள்.

வயர் அளவு: லைட், ஃபேனுக்கு 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்ப் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4, மெயினுக்கு லோடைப் பார்த்து 6 அல்லது அதற்கு மேல். 230 வோல்ட்டில் ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 4.35 ஆம்ப் வரும் என்பதை வைத்து ஒவ்வொரு லைனையும் கூட்டிப் பார்த்து எம்சிபியை (லோடு மீறினால் தானாக விழும் சுவிட்சை) முடிவு செய்யுங்கள். "இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கலாமே" என்று வயர் அளவில் கை வைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத எஸ்டிமேட்டும் கொடுக்காதீர்கள். அந்த வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள். ஆர்சிசிபி போட்டால் ஒரு லைன் நியூட்ரல் இன்னொரு லைனோடு கலக்கக் கூடாது. கலந்தால் டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும். நியூட்ரலை லைனுக்கு லைன் தனியாக இழுக்கும் வயரையும் லிஸ்டில் சேர்க்க வேண்டும்.

விலை கேட்கும்போது ஜிஎஸ்டி சேர்த்த விலையைக் கேளுங்கள். வயருக்கும் சுவிட்சுக்கும் 18 சதவீதம். லிஸ்ட் விலை, தள்ளுபடி, வரி மூன்றையும் கடைக்காரர் மூன்று இடத்தில் சொல்வார். கடைசியில் கையிலிருந்து போகும் தொகையே உங்களுக்கு வேண்டும். செம்பு விலை ஏறி இறங்குவதால் வயர் விலை அடிக்கடி மாறும். பைப்பை இந்த மாதமும் வயரை நாலு மாதம் கழித்தும் வாங்கப் போகிற வேலையில் பொருளோடு சேர்த்து ஒரே தொகை பேசுவது ஆபத்து. புதிதாகத் தொடங்குபவர் முதல் சில வேலைகளைக் கூலிக்கு மட்டும் எடுப்பது நல்லது. பொருளோடு எடுத்தால் வாங்கிவரும் நேரத்துக்கும் முதலீட்டுக்கும் 8 முதல் 10 சதவீதம் எஸ்டிமேட்டில் வெளிப்படையாகச் சேருங்கள்.

கடைக் கமிஷனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆள் கூட்டிவந்தால் கடையில் கமிஷன் தருவார்கள். வயர் கம்பெனிகள் பாக்கெட்டில் இருக்கும் கோடை ஸ்கேன் செய்தால் பரிசுப் பாயிண்ட் தருகின்றன. கம்பெனி தரும் பாயிண்ட்டால் வீட்டுக்காரருக்கு நஷ்டமில்லை. ஆனால் கடைக்காரர் உங்களுக்குத் தரும் கமிஷனைப் பில்லில் ஏற்றியிருந்தால் அது வீட்டுக்காரர் பணம். அவர் இன்னொரு கடையிலோ ஆன்லைனிலோ விலை பார்த்துத் தெரிந்துகொள்ளும் நாளில் உங்கள் கூலிக் கணக்கையும் சேர்த்துச் சந்தேகப்படுவார். கூலியைக் குறைத்துச் சொல்லி கமிஷனில் ஈடுகட்டுவது இந்தத் தொழிலில் பரவலாக இருக்கிறது. அதுதான் கூலி ரேட்டையே கீழே இழுக்கிறது. உங்கள் உழைப்புக்கான பணம் கூலியிலேயே வரட்டும்.

5. எஸ்டிமேட் தாளில் என்னென்ன இருக்க வேண்டும்

தமிழிலேயே எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். உங்கள் பெயர், தேதி, வீட்டு முகவரி, அறைவாரியாகப் பாயிண்ட் எண்ணிக்கை, பைப், வயர், சுவிட்ச், எம்சிபி என்ன கம்பெனி, கூலித் தொகை, பணம் தரும் கட்டங்கள். அடியில் "இந்த எஸ்டிமேட் 15 நாளுக்குச் செல்லும்" என்று எழுதுங்கள். பொருளோடு என்றால் 7 நாள். வீட்டுக்காரர் சரி என்றால் ஒரு நகலில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துக் கேட்கச் சங்கடமாக இருந்தால் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பி "ஓகே" என்ற பதிலையாவது வாங்குங்கள்.

அடங்காதவை என்ற தலைப்பில் எழுதுவது இன்னும் முக்கியம். எனக்குத் தெரிந்து தகராறு வருவதெல்லாம் இந்த இடத்தில்தான்:

காடி எடுத்த இடத்தைச் சிமென்ட் வைத்துப் பூசுவது கொத்தனார் வேலையா, உங்கள் வேலையா? காடி மண்ணை அள்ளுவது யார்? உயரமான இடத்துக்குச் சாரம் யார் கட்டுவது? அலங்கார விளக்கு, சரவிளக்கு மாட்டும் கூலி சேர்ந்ததா? ஃபேனைப் பிரித்து இறக்கை கோப்பது சேர்ந்ததா? இன்வெர்ட்டர், சிசிடிவி, மோட்டார் ஸ்டார்ட்டர், கீசர் மாட்டுவது சேர்ந்ததா? பெயின்டர் வந்துபோன பிறகு எல்லா சுவிட்ச் பிளேட்டையும் கழற்றி மாட்டச் சொல்வார்கள். அது எத்தனை முறை? ஈபி கட்டணம் யாருடையது?

எதற்கும் ஒரு வரி பதில் எழுதிவிட்டால் போதும். இலவசமாகச் செய்வதாக இருந்தாலும் "சேர்ந்தது" என்று எழுதுங்கள். செய்கிற வேலை கணக்கில் தெரியட்டும்.

6. பணம் எந்தக் கட்டத்தில் வர வேண்டும்

முன்பணம் இல்லாமல் ஆள் இறக்காதீர்கள். நான் சொல்லும் பங்கு இது: வேலை பேசி முடித்ததும் 20 சதவீதம், தளத்துப் பைப் முடிந்ததும் 20, சுவர்ப் பைப்பும் பாக்ஸும் முடிந்ததும் 25, வயர் இழுத்ததும் 20, சுவிட்ச் போர்டு முடிந்ததும் 10, லைட் ஃபேன் மாட்டி டெஸ்ட் காட்டியதும் 5.

கடைசிப் பங்கை ஏன் 5 சதவீதமாக வைக்கச் சொல்கிறேன் என்றால், தாமதமாவதும் பேரத்தில் கரைவதும் அதுதான். கிரகப்பிரவேச நேரத்தில் வீட்டுக்காரர் கையில் காசு இருக்காது. டைல்ஸ், கதவு, பெயின்ட், சாப்பாட்டுச் செலவு எல்லாம் போய்க் கடைசியில் நிற்பது எலக்ட்ரீசியனும் பிளம்பரும். அதனால் செய்த வேலைக்கான பணம் அந்தந்தக் கட்டத்திலேயே உங்களிடம் வந்திருக்க வேண்டும். சுவர்ப் பைப் பணம் வராமல் வயர் இழுக்கப் போகாதீர்கள். கோபப்படாமல், "சார், அந்தக் கட்டத்துப் பணம் வந்ததும் மறுநாளே ஆள் வந்துடும்" என்று சொல்லுங்கள்.

"சர்வீஸ் வந்ததும் மொத்தமா செட்டில் பண்றேன்" என்பதற்கு ஒத்துக்கொள்ளக் கூடாது. மின் இணைப்பு வருவது உங்கள் கையில் இல்லை. கட்டட முடிவுச் சான்று தேவைப்படும் கட்டடம் என்றால் அது இல்லாமல் இணைப்பு நிற்கும். பத்திரத்தில் பெயர்ச் சிக்கல் இருந்தாலும் நிற்கும். உங்கள் வேலை டெஸ்ட்டோடு முடிகிறது.

பில்டர், மேஸ்திரியிடம் எடுக்கும் வேலையில் தொடர்ந்து வேலை வரும் என்று ரேட்டைக் குறைக்கச் சொல்வார்கள். குறைக்கலாம், ஆனால் லாபத்திலிருந்து மட்டும் குறையுங்கள், 2,910-க்குக் கீழே போகாதீர்கள். முதல் கட்டடத்துப் பணம் முழுதும் வராமல் இரண்டாவது கட்டடத்தில் இறங்காதீர்கள். எனக்குத் தெரிந்த சிலர் ஒரே பில்டரிடம் மூன்று கட்டடப் பாக்கியோடு நின்றிருக்கிறார்கள். பாக்கி பெரிதாகப் பெரிதாக அவரை விட்டு விலகவும் முடியாது.

காலக் கணக்கையும் பாருங்கள். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் கிரகப்பிரவேசம் நெருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் இருக்காது. தைக்கு முன் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் கூடுதல் ஆள் வைத்தால் கூலி ஏறும். எஸ்டிமேட்டில் முடிக்கும் தேதி எழுதும்போது இதை நினைவில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூச்சு காயத் தாமதமாகும், பைப்பில் தண்ணீர் நிற்கும். ஈரத்தோடு வயர் இழுக்க வேண்டாம். "கொத்தனார் பூச்சு முடித்துக் கொடுத்த நாளிலிருந்து இத்தனை நாள்" என்றே காலத்தை எழுதுங்கள், காலண்டர் தேதி கொடுக்காதீர்கள்.

7. கூடுதல் பாயிண்ட்

"தம்பி, இங்க ஒரு பிளக் சேர்த்துடுங்க" என்பது எல்லா வேலையிலும் வரும். பிளாஸ்டரிங்குக்கு முன் என்றால் ஒரு விலை, பூசிய பிறகு என்றால் இன்னொரு விலை என்று எஸ்டிமேட்டிலேயே இரண்டு ரேட் எழுதி வையுங்கள். கேட்ட உடனே வாட்ஸாப்பில் "ஹாலில் டிவி பக்கம் பவர் பிளக் 1 கூடுதல், தொகை இவ்வளவு" என்று அனுப்புங்கள். பதில் வந்ததும் செய்யுங்கள். மொத்தமாகக் கடைசியில் சேர்த்துச் சொன்னால் அவருக்கும் அதிர்ச்சி, உங்களுக்கும் பாதிதான் கிடைக்கும்.

தளம் போடும் முன்பும் சுவர் பூசும் முன்பும் பைப் போகும் வழியைப் படம் எடுத்து அவருக்கும் அனுப்புங்கள். பிற்பாடு யாராவது ஆணி அடித்து வயர் போனால் பொறுப்பு யாருடையது என்பதற்கு அதுவே சான்று.

8. பேரம் பேசும்போது

15 சதவீதம் சேர்த்துத்தானே சொன்னோம், 15 சதவீதம் குறைத்தால் அடக்கவிலை வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 3,350-இல் 15 சதவீதம் குறைத்தால் 2,848, அடக்கவிலை 2,910. நாளுக்கு 62 ரூபாய் கைக்காசு. 10 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி என்ற பேச்சே வேண்டாம்.

தொகை குறைய வேண்டும் என்றால் வேலையைக் குறையுங்கள். பாயிண்ட்டைக் குறைக்கலாம், மண் அள்ளுவதை அவர் ஆளிடம் விடலாம், சரவிளக்கு மாட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். "சார், 50-க்கு இவ்வளவும் வரும், 45-க்கு வேணும்னா இது இதை எடுத்துடலாம்" என்று தாளைக் காட்டிப் பேசினால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். புரிந்துகொள்ளாதவர் வேலையை விட்டுவிடுங்கள். நஷ்ட வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும்போது வருகிற நல்ல வேலைக்கு உங்களால் போக முடியாது.

9. சின்ன வேலை, பழைய வீடு, ஃபால்ட்

ஃபேன் ரெகுலேட்டர் மாற்ற 15 நிமிடம்தான். போய்வர ஒரு மணி நேரம். அதனால் சின்ன வேலைக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்றை வைத்து, போனிலேயே சொல்லிவிடுங்கள். அதை உங்கள் நாள் விலையிலிருந்தே எடுங்கள்: தனியாகப் போனால் அடக்கம் 2,010, 15 சதவீதம் சேர்த்தால் சுமார் 2,300, ஒரு நாளில் ஐந்து வீடு போக முடியும் என்றால் வீட்டுக்கு 460. இரவு அழைப்புக்கு ஒன்றரை மடங்கு கேட்பது நியாயமே.

ஃபால்ட் கண்டுபிடிக்கும் வேலைக்கு மொத்தத் தொகை பேசவே கூடாது. டிரிப் ஆகிறது என்று கூப்பிடுவார்கள்; காரணம் கீசர் காயிலாக இருக்கலாம், சுவருக்குள் ஈரமேறிய ஜாயின்ட்டாக இருக்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தொகை, அதன் பிறகு மணிக்கு இவ்வளவு என்று பேசுங்கள்.

பழைய வீட்டு ரீவயரிங்கும் இப்படித்தான். முதலில் டெஸ்ட் மட்டும் என்று அரை நாள் தொகை வாங்கிக்கொண்டு, மெகர் போட்டு லைன் லைனாகப் பார்த்து, எது இருக்கலாம் எது போக வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அந்த அறிக்கையை வைத்துத்தான் எஸ்டிமேட். ஆட்கள் குடியிருக்கும் வீடு என்றால் தினமும் பொருளை நகர்த்தவும், மாலையில் கரன்ட் கொடுத்துவிட்டுப் போகவும் நேரம் பிடிக்கும். காலி வீட்டுக் கணக்கைவிட மூன்றில் ஒரு பங்கு நாள் கூட்டிப் போடுங்கள்.

10. உரிமம், ஈபி, வரி

புதிய இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது வயரிங் முடித்து டெஸ்ட் செய்ததற்கான அறிக்கையில் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் கையெழுத்து வேண்டும். உரிமங்களைத் தருவது சென்னை கிண்டியில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். உங்களிடம் ஒப்பந்ததாரர் உரிமம் இல்லை என்றால், இருப்பவரிடம் பேசி, அவர் இடத்துக்கு வந்து பார்த்துக் கையெழுத்திட ஆகும் தொகையை எஸ்டிமேட்டில் தனி வரியாகக் காட்டுங்கள். பார்க்காமல் கையெழுத்துப் போடுபவரிடம் போக வேண்டாம். விபத்து நடந்தால் வயரிங் செய்த உங்களிடம்தான் முதலில் வருவார்கள். ஈபிக்குக் கட்ட வேண்டிய கட்டணத்தை வீட்டுக்காரரே தன் பெயரில் ஆன்லைனில் கட்டட்டும். உங்கள் கைக்குப் பணம் வந்தால் ரசீது இல்லாத செலவுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஜிஎஸ்டி பதிவு சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் கட்டாயம். பொருளோடு எடுக்கும் வேலையில் பொருளின் தொகையும் அந்த 20 லட்சத்தில் சேரும், கவனம். பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று வாங்கக் கூடாது. கம்பெனிக்கு வேலை செய்தால் ஒரே பில் 30,000-ஐயோ, ஆண்டில் மொத்தம் ஒரு லட்சத்தையோ தாண்டும்போது தனிநபருக்கு 1 சதவீதம் வருமான வரியாக (டிடிஎஸ்) பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். பிடித்த பணம் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் கணக்கில் வரும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம். அரசுத் தளம் போலவே இருக்கும் தனியார் தளங்கள் பணம் கேட்கும், கொடுக்காதீர்கள்.

உங்களுக்கும் ஹெல்பருக்கும் வங்கியில் பிரதமர் சுரக்‌ஷா பீமா விபத்துக் காப்பீடு போட்டுவிடுங்கள். வருடத்துக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். ஏணியில் நிற்கும் பையனுக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்சம் இது.

11. வேலை முடிந்ததும் நோட்டை எடுங்கள்

எஸ்டிமேட்டில் எழுதிய ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் உண்மையில் எத்தனை நாள் ஆனது என்று எழுதுங்கள். காடிக்கு 4 போட்டு 6 ஆனதா? ஏன்? சாலிட் பிளாக்கா, ஹெல்பர் புதியவரா, கொத்தனாருக்காகக் காத்திருந்தீர்களா? வயர் எத்தனை காயில் எழுதினோம், எத்தனை போனது, எவ்வளவு மிஞ்சியது? மூன்று நான்கு வீட்டுக்கு இப்படி எழுதிவிட்டால், அடுத்த வீட்டுப் பிளானைப் பார்த்ததும் நாள் கணக்கு உங்களுக்கே வந்துவிடும். நோட்டில் எழுதும் அன்றே வீட்டுக்காரருக்கு டெஸ்ட் ரீடிங், டிபியில் எந்த எம்சிபி எந்த அறைக்கு என்ற பட்டியல், பைப் போன வழியின் படங்கள் மூன்றையும் அனுப்பி, அதே செய்தியில் மீதித் தொகையையும் குறிப்பிடுங்கள். ஒரு வாரத்தில் வராவிட்டால் நேரில் போங்கள். போகும்போது டெஸ்டரும் ஸ்க்ரூ டிரைவரும் கையில் இருக்கட்டும், ஏதாவது சின்னக் குறை சொன்னால் அங்கேயே சரிசெய்துவிட்டுப் பணத்தை வாங்கி வரலாம்.